வெயிலில் காய்ந்த பட்டரிகள்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த காலத்தில் டோர்ச் மங்கினால் அம்மம்மா பட்டரியை எறியமாட்டா. முற்றத்தில் காயும் செத்தல் மிளகாய்க்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவா. பின்னேரம் எடுத்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் எரியும். அதில் உண்மையும் இருந்தது. நாகமும் கரியும் கொண்ட அந்த 1.5 வோல்ட் பட்டரிக்குள் சூடு பட்டால் இரசாயன வேலை சற்று வேகமெடுக்கும். 1996 வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் மின்சாரத்தை வெட்டியபோது அந்தப் பட்டரிகளும் அரிக்கன் லாம்பும்தான் எங்களுக்குத் துணை. பட்டரி கெட்டால் கசியும், டோர்ச் துருப்பிடிக்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்போது நாங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில். கையில் இருந்தவை பவர் பாங்கும் சார்ஜ் லைட்டும். கரண்ட் வந்த கொஞ்ச நேரத்துக்குள் எல்லா வீட்டிலும் எல்லாமே ஒரே மல்டி பிளக்கில் தொங்கின.

பட்டரி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. என் கவலை அதுதான். லிதியம் அயன் பட்டரிக்குள் இருப்பது தீப்பற்றும் திரவம். இரு முனைகளையும் பிரித்து வைப்பது தலைமயிரிலும் மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். சூடோ, அடியோ, 4.2 வோல்ட்டைத் தாண்டிய சார்ஜோ அந்தத் தடுப்பை முறித்தால் உள்ளேயே ஷோர்ட் ஆகி, சூடு தானாகவே ஏறிக்கொண்டு போகும். 2016இல் சாம்சங் தன் கலக்ஸி நோட் 7 கைபேசிகளை உலகமெங்கும் திருப்பி எடுத்ததும் இப்படி உள்ளே ஷோர்ட் ஆனதால்தான். ஆனாலும் கொளுத்தும் வெயிலில் நிற்கும் காருக்குள் பவர் பாங்கை விட்டுப் போகிறவர்களை இன்றும் காண்கிறேன். "முழுக்க இறங்கவிட்டு ஏற்று" என்ற புத்திமதியும் நிக்கல் காட்மியம் காலத்தது. இன்றைய பட்டரிக்கு அது கெடுதல்.

தொடர்மாடிகளை நினைத்தால்தான் எனக்குப் பயம் கூடுகிறது. மின் ஸ்கூட்டரைப் படிக்கட்டடியில் செருகிவைப்பது வசதிதான். தீப்பிடித்தால் மேல்மாடிப் பிள்ளைகளும் முதியவர்களும் இறங்கி வரவேண்டிய வழியும் அதுவே.

படியிலும் வாசலிலும் சார்ஜ் போடாதீர்கள். தலையணைக்குக் கீழும் வேண்டாம். பொருளோடு வந்த சார்ஜரையே பாவியுங்கள். உப்பிய பட்டரியைக் குத்தவோ அமுக்கவோ மறுபடி ஏற்றவோ வேண்டாம். எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு மட்டும் போட்டுவிடாதீர்கள்.