அரை மைக்ரான் ஆசை

கார் பம்பரில் முகம் பார்க்க வைக்கிறதே குரோமியம், அதன் கனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அரை மைக்ரானுக்குள். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு. அதற்கு அடியில் பல மடங்கு கனமாக நிக்கல், அதற்கும் அடியில் பல சமயம் செம்பு, கடைசியில் இரும்போ துத்தநாகமோ. உண்மையில் பளபளப்பைத் தருவது நிக்கல். அது மங்காமல் காப்பதும் லேசாக ஒரு நீலச் சாயல் ஏற்றுவதும்தான் குரோமியத்தின் வேலை. இதையெல்லாம் இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். யாரும் நின்று கேட்பதில்லை. நான் கெடுத்து வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்தவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

என்னிடம் இருப்பது எழுபதுகளின் கடைசியில் வந்த பிரீமியர் பத்மினி. எஞ்சின் பிரமாதமாக ஓடுகிறது; அதில் நான் கைவைக்காததே காரணம். பம்பர், கதவுக் கைப்பிடி, பீடிங், டிக்கி மோனோகிராம் என்று வெளியே மின்னுகிற சாமான்கள்தான் என்னிடம் அகப்பட்டுச் சீரழிந்தன. ‘கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே’ ஆக்கிக் காட்டுகிறேன் என்று வீட்டில் வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

முதலில் பம்பர். அங்கங்கே துருப்புள்ளி, அவ்வளவுதான். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் அவ்வளவு சுலபமான வேலையில் என்ன பெருமை இருக்கிறது? வாட்டர் பேப்பரை எடுத்தேன். துரு போனது. போன இடத்தில் ஒரு மஞ்சள் சாயல் தெரிந்தது. பழைய அழுக்கு இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் பரவியது. அது அழுக்கல்ல, நிக்கல். குரோமியத்தை முழுக்க வழித்துவிட்டு அடுத்த அடுக்கைத் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலம் வந்து பார்த்த மனைவி, “ஏனுங்க, பம்பருக்கு மஞ்சக்காமாலைங்களா?” என்றாள்.

கைப்பிடி விஷயத்தில் இன்னும் விஞ்ஞானபூர்வமாக இறங்கினேன். பழைய கார்களில் கைப்பிடி, மோனோகிராம் போன்ற நுணுக்கமான சாமான்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் அழுத்தி வார்த்தவை. மேலேயுள்ள முலாமில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் ஈரம் உள்ளே இறங்கும், துத்தநாகம் அரிக்கும், அரித்துப் பூத்த உப்பு முலாமைக் கொப்புளமாகத் தூக்கும். என் கைப்பிடி முழுக்கக் கொப்புளம். பழைய முலாமை உரித்தால்தான் புதியது ஏறும் என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. கழிப்பறை கழுவும் ஆசிட்டில் போட்டேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தைச் சடுதியில் கரைக்கும். அதுவரை நான் கேட்டது சரி. நிக்கலை அது மெல்லத்தான் தொடும். துத்தநாகம் கிடைத்தாலோ விருந்து. கொப்புளத் துளைகள் வழியே ஆசிட் உள்ளே போய் நுரைத்தது. நுரையைப் பார்த்ததும், ஆகா, வேலை மும்முரமாக நடக்கிறது என்று காபி குடிக்கப் போனேன். வந்து எடுத்தால் கையில் கனமே இல்லை. யானை உண்ட விளாம்பழம்! நிக்கல் தோல் அப்படியே இருந்தது, உள்ளே ஆள் இல்லை.

ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தாலே பாதி விஷயம் தெரிந்திருக்கும். இரும்பு என்றால் ஒட்டும். ஒட்டாமல் கையில் கனத்தால் துத்தநாகம் என்று சந்தேகப்படலாம். இந்தப் பாடத்தைப் படித்த உற்சாகத்தில் பீடிங்கின் மேல் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. எவர்சில்வரிலும் பல வகையில் காந்தம் ஒட்டாது, ஆகவே இது எவர்சில்வர் என்று தீர்ப்பெழுதி, அடைப்பு நீக்க வைத்திருந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப் போட்டேன். எவர்சில்வரை அது ஒன்றும் செய்யாது. பீடிங் அலுமினியம். அலுமினியத்துக்குக் கனமும் கிடையாது, காஸ்டிக்கைத் தாங்கும் சக்தியும் கிடையாது.

வீட்டிலேயே நிக்கல் முலாம் போட முயன்றதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். வினிகர், உப்பு, நிக்கல் துண்டு, பேட்டரி சார்ஜர். முலாம் ஏற வேண்டிய சாமானை மைனஸில் மாட்ட வேண்டும். நான் பிளஸில் மாட்டினேன். மோனோகிராமில் மிச்சமிருந்த நிக்கலும் கரைந்து வினிகரில் இறங்கிவிட்டது. என் புத்திசாலித்தனத்துக்கு ஒரே சாட்சி, நிக்கலுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியை மாட்டாததும், குரோமிக் அமிலத்தை வீட்டுக்குள் விடாததும். எவர்சில்வர் கரைந்தால் அறுமதிப்புக் குரோமியம் உண்டாகலாம். குரோமிக் அமிலம் என்பதே அதுதான். புற்றுநோய் தரும் சரக்கு. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்று படித்திருந்ததால் இந்த ஒன்றில் மட்டும் தப்பித்தேன். தப்பித்தது அக்கம்பக்கத்தாரும்தான்.

கடைசியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இத யாருங்க ஆசிட்ல போட்டது?”

“பழைய ஓனருங்க.”

என் விரல்களில் இருந்த புண்ணைப் பார்த்தார். “பாவம், அவரு கையும் வெந்திருக்குமுங்க” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். முலாம் எதையும் மறைக்காது. குழி இருந்தால் குழியும் சேர்ந்து மின்னும். துத்தநாகச் சாமானில் குழியைச் சுரண்டி எடுத்து, முதலில் செம்பு ஏற்றி, குழிக்குள் ஈயப்பற்று வைத்து நிரப்பி, தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றி, பஃப் போட்டு, அதன் பிறகுதான் நிக்கல். குரோமியத் தொட்டியில் கொஞ்ச நேரம்தான். பாடெல்லாம் பஃப் அடிக்கிறவருடையது. கொஞ்சம் அசந்தால் எழுத்தும் விளிம்பும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

“உங்களுக்குக் கம்பெனி மாதிரி வேணுங்களா, பளபளன்னு வேணுங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே!”

அவர் மறுபேச்சுப் பேசாமல் சீட்டில் ‘ஃபுல் பாலிஷ்’ என்று எழுதினார். நான் வாயைத் திறக்கக்கூடாத ஓர் இடம் அது. போதாததற்கு ஆர்வக்கோளாறில் போல்ட்டு, வாஷர், ஸ்பிரிங் கிளிப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்தது பளபளப்பு. கண் கூசியது. மாட்டும்போது கிளிப்புகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. ஆசிட்டிலும் முலாமிலும் போகும் ஸ்பிரிங் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்க வைக்கும். முலாம் போட்ட கையோடு ஏறக்குறைய 200 டிகிரியில் சில மணி நேரம் சூடேற்றி அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். கிளிப் என்ன எஃகு என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை.

பழைய கார்க்காரர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே ஒரு பெரியவர், போல்ட்டுக்குப் போல்ட்டு பார்க்கிறவர், சுற்றி வந்தார். மோனோகிராமின் விளிம்புகள் மழுங்கி எழுத்துகள் வழுவழுவென்று கிடந்ததைத் தடவினார். போல்ட்டுத் தலையில் குரோமியத்தைப் பார்த்து முகம் சுளித்தார். அது துத்தநாக முலாமும் லேசான மஞ்சள் பூச்சுமாக அடக்கமாக இருக்க வேண்டிய இடமாம். ஃபோர்டு மாடல் ஏ காரை உதாரணம் சொன்னார். 1928, 1929இல் வந்தவற்றுக்கு ரேடியேட்டர் கூட்டில் நிக்கல். 1930, 1931க்கு எவர்சில்வர். இரண்டிலும் குரோமியம் ஏற்றி நிறுத்துகிறவர்கள் உண்டு, விவரம் தெரியாதவன் கை தட்டுவான் என்றார். எனக்கு அதுவரை நிறையப் பேர் கை தட்டியிருந்தார்கள்.

“தம்பி, கம்பெனிக்காரன் இவ்வளவு செலவு பண்ணியிருக்க மாட்டான்” என்று முடித்தார்.

அவர் சொன்னது சரி. தினமும் வரிசையாகக் கார் இறக்குகிற தொழிற்சாலை ஒவ்வொரு கைப்பிடிக்கும் கண்ணாடி மெருகு போட்டுக்கொண்டிருக்காது. நான் ஆசிட்டில் போட்ட அந்தக் கொப்புளக் கைப்பிடிதான் அசல் பத்மினிக்கு நெருக்கமாக இருந்தது. இப்போது வண்டியில் மின்னுவது என் ஆசை மட்டும்.

பத்மினியின் டிக்கி மோனோகிராம், எழுத்து விளிம்பு கூர்மையாக, தூசியும் கொப்புளமுமாக உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எனக்குத் தாருங்கள். விலை நீங்கள் சொல்வதுதான். துடைத்துத் தர வேண்டாம். நானும் துடைக்க மாட்டேன். வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.