நகம் நுழையும் இடைவெளி

லேப்டாப்பில் ரேம் கூட்டினால் வேகம் கூடும் என்றார்கள். கூடியது. கூடவே கண் பார்வையும் கூடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாடி போட்டும் பால் பாக்கெட்டில் தேதி தெரியாத எனக்கு, இப்போது லேப்டாப்பின் அடிமூடியில், வலது மூலையில், நகம் நுழையும் அளவுக்கு இருக்கும் இடைவெளி ஹாலின் அந்தக் கோடியிலிருந்தே தெரிகிறது.

புது லேப்டாப்தான். எட்டு ஜிபி ரேம். பிரவுசரில் நாலு பக்கம் சேர்ந்தாற்போல் திறந்தால் மூச்சு வாங்கியது. ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு எட்டு ஜிபி வாங்கி, சட்டைப் பையில் வைத்து, பார்க் ஸ்டேஷனில் ரயிலேறி, தாம்பரம் வரும்வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாட்டிக் கொடுத்தது மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன சர்வீஸ் கடை.

கடைத் தம்பி கைகாரர். வெளியே தெரிந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினார். மூடி அசையவில்லை. பின்பக்க ரப்பர் காலை உரித்தார். அதற்கடியில் இன்னும் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருந்தன. பிறகு ஓரத்தில் பிளாஸ்டிக் துண்டை விட்டு நெம்ப, உள்ளே கிளிப்புகள் டக், டக், டக் என்று விட்டன. ஒவ்வொரு டக்குக்கும் எனக்கு ஒரு விலா எலும்பு கழன்றது. ரேமைச் சாய்வாக ஸ்லாட்டில் செருகி அழுத்தினார். இரண்டு பக்கக் கொக்கியும் பிடித்துக்கொண்டன. டிடிஆர்4 ரேமில் 260 பின். ஒன்றுகூடப் பிசகவில்லை.

பிசகியதெல்லாம் மூடும்போதுதான். கிளிப் ஒன்று உட்காரவில்லை; இடைவெளி அதன் உபயம். நெம்பிய இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து ஒரு கோடு. பழைய பசையில் ஒட்டிய ரப்பர் கால் கோணிக்கொண்டதில் லேப்டாப் மேஜையில் லேசாக நொண்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய ஓட்டையில் நெட்டை ஸ்க்ரூ போனதால், மேலே கை வைக்கும் இடத்தில் கடுகளவு மேடு. தமிழ்99-இல் 'அ' அடிக்க இடது மணிக்கட்டு எங்கே நிற்குமோ, சரியாக அங்கே.

"கீழ்ப் பக்கம்தானே சார், யார் குனிஞ்சு பார்க்கப் போறாங்க?" என்றார் தம்பி. வீட்டுக்கு வந்ததிலிருந்து நான்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏங்க, இந்த சேலையூர் ஃபிளாட்டுக்குக் குடி வந்தப்போ ஹால் சுவத்துல மேலேருந்து கீழவரைக்கும் விரிசல். 'ஹேர்லைன் கிராக்தான் சார், எல்லாக் கட்டடத்துலயும் வரும்'னார் பில்டர். நீங்க அவருக்குக் காபி போடச் சொன்னீங்க" என்றாள் மனைவி.

போடச் சொன்னது உண்மை. அதில் சர்க்கரை போதவில்லை என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது.

ஊரும் அப்கிரேட் ஆன ஊர்தான். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி, 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பம்மலுக்கும் அனகாபுத்தூருக்கும் நடுவே இன்று நகம்கூட நுழையாது. பத்து ஊரை ஒட்ட முடிகிறது, ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்ட முடியவில்லை என்ற ஆதங்கத்தில், அடிமூடி தேடிப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன்.

செடி, புறா, பழைய நாற்காலி எல்லாம் தாண்டி, தார்ப்பாயில் லேப்டாப்களைக் குவித்து வைத்திருந்தவரிடம் என் குறைகளை வரிசையாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். குவியலிலிருந்து ஒன்றை உருவினார். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஏதோ ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. கீல் உடைந்து, மூடியை ரப்பர் பேண்டு பிடித்துக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினார். திரை எரிந்தது.

"இது ஓடுது. உங்களது ஓடலையா?"

"ஓடுது."

"அப்புறம் எதுக்கு சார் வெயில்ல வந்தீங்க?"

குட்டை ஸ்க்ரூ ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு டப்பாவைக் கவிழ்த்து, தேடி எடுத்து, காசு வேண்டாம் என்று கொடுத்தார். அந்தக் கடுகு மேடு அன்றே அடங்கிவிட்டது. மற்ற மூன்றும் இருக்கின்றன.

மெல்லிசான மாடல்கள் பலவற்றில் இப்போது ரேமை மதர்போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள். அவற்றில் ரேம் மாட்டத் திறக்கிற வேலையே இல்லை, அதனால் இடைவெளியும் விழாது. ரேம் போதவில்லை என்றால் லேப்டாப்பையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே வாங்கும்போது ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கழற்றும்போது எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு, தயவுசெய்து, திருப்பிப் பார்க்காதீர்கள்.