கேளுங்கள், சொல்கிறேன்: கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்

வாசகர், நாகர்கோவில்: இயேசு டிசம்பர் 25-இல் பிறந்தார் என்று வேதாகமத்தில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை! 354-இல் ரோமில் தொகுத்த ஆண்டுக் குறிப்பேட்டில் அந்தத் தேதி இருக்கிறது. ஆர்மேனியத் திருச்சபைக்கு ஜனவரி 6. தேதியைத் தேடுகிறவர் காலண்டரைப் புரட்டட்டும். பிறந்தவரைத் தேடுகிறவர் பசித்த வீட்டுக் கதவைத் தட்டட்டும்.

வாசகி, தூத்துக்குடி: கேக் இல்லாமல் கிறிஸ்துமஸா?

முதல் கிறிஸ்துமஸே அப்படித்தானம்மா நடந்தது!

வாசகர், மதுரை: ராஜாதி ராஜா அரண்மனையில் பிறந்திருக்கலாமே?

பிறந்திருந்தால் மேய்ப்பர்களைக் காவலன் வாசலிலேயே விரட்டியிருப்பான். தொழுவத்துக்குள் நுழைய யார் சிபாரிசும் வேண்டாம். அதனால்தான் முதல் அழைப்பு, ராத்திரி ஷிஃப்டில் ஆடு காத்தவர்களுக்குப் போனது.

வாசகர், திருச்சி: மூன்று ராஜாக்கள் வந்தது உண்மையா?

மத்தேயு ராஜா என்றும் சொல்லவில்லை, மூவர் என்றும் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் என்கிறார். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. ஆளும் மூன்று என்று நாம் கணக்கை முடித்துவிட்டோம். நட்சத்திர சாஸ்திரம் கரைத்துக் குடித்தவர்கள் ஒரு பச்சைக் குழந்தை முன் விழுந்து பணிந்தார்கள். எண்ண வேண்டியது தலைகளை அல்ல, வணங்கிய தலைகளை!

வாசகி, வேளாங்கண்ணி: குடில் வைக்கும் வழக்கம் எப்படி வந்தது?

1223, இத்தாலியின் கிரெச்சோ. அசிசியின் பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார். அந்தக் குழந்தை பட்ட கஷ்டத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது அவர் ஆசை. நாம் சீரியல் பல்பைக் கண்ணாரக் காண்கிறோம்.

வாசகர், சென்னை: கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா, கற்பனையா?

ஆதாரமான ஆள் நிஜம். 4-ஆம் நூற்றாண்டில் மீராவின் ஆயராக இருந்த நிக்கோலாஸ். ஊர் இன்றைய துருக்கியில். கட்டிக்கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் இரவோடு இரவாகப் பொன்னைப் போட்டுவிட்டு நழுவினார் என்பது வழிவழிக் கதை. நாம் கொடுப்பது ஐந்து கிலோ அரிசி, எடுப்பது ஐம்பது போட்டோ.

வாசகர், பாளையங்கோட்டை: நடுராத்திரியில் கீத பவனி வந்து எழுப்புகிறார்களே?

மேய்ப்பர்களையும் ராத்திரியில்தான் சேதி தேடி வந்தது. அவர்கள் சலித்துக்கொள்ளவில்லை, கிளம்பிப் போனார்கள். பவனித் தம்பிகளுக்கும் ஒன்று: நோயாளி இருக்கும் வீட்டருகே டிரம்ஸை நிறுத்துங்கள். அதுவும் ஆராதனைதான்.

வாசகர், மண்டபம்: கிறிஸ்துமஸ் செய்தியில் அகதிகளைப் பற்றிப் பேசினால், அரசியல் என்கிறார்களே?

மத்தேயு 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். ஏரோதுவின் வாளுக்குத் தப்பி, கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடிய குடும்பம் யாருடையது? அகதியைப் பற்றிப் பேசாவிட்டால் அந்த அதிகாரத்தையே கிழிக்க வேண்டியிருக்கும்.

வாசகி, நாசரேத்: பெத்லகேம் போனால் தவறவிடக் கூடாதது எது?

பிறப்பிடப் பேராலயத்தின் வாசல். உயரம் நாலடிதான். குதிரையோடு எவரும் உள்ளே நுழையாதிருக்கக் குறுக்கினார்கள் என்பார்கள். மன்னரோ மந்திரியோ, குனிந்தே ஆக வேண்டும். கடவுளே இறங்கி வந்த வீட்டில் நமக்கென்ன விறைப்பு?