ஏழே படிகளில் மானநஷ்டம்: பெங்களூரு பீன்யா பட்டறை முதலாளிக்கு ஒரு கையேடு

உங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் பையன், மூன்று மாத ஓ.டி. பணம் வரவில்லை என்று வாட்ஸப் குழுவில் வாய்ஸ் நோட் போட்டுவிட்டானா? நல்லது. வழக்கமாகச் செய்வதைத்தான் செய்யப்போகிறீர்கள். கொஞ்சம் முறையாகச் செய்யுங்கள்.

1. ஓ.டி. நோட்டைத் திறக்காதீர்கள். தொழிலாளர் சட்டப்படி இரட்டைச் சம்பளம் தரவேண்டியிருக்கும். பாக்கியைத் தீர்த்தால் பேச்சும் தீர்ந்துவிடும். அப்புறம் எதை வைத்து வழக்குப் போடுவீர்கள்?

2. வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். நஷ்டஈடு ஒரு கோடி என்று போடுங்கள். நோட்டீஸில் எழுதும் தொகைக்குக் கோர்ட் ஃபீஸ் கிடையாது.

3. சிட்டி சிவில் கோர்ட்டுக்குப் போய், எதிர்த்தரப்பை விசாரிக்கும் முன்பே தடை கேளுங்கள். முன்னோடிகள் உண்டு: 2019-இல் பா.ஜ.க. வேட்பாளர் தேஜஸ்வி சூர்யா 49 ஊடகங்கள் மீது வாங்கினார், 2021-இல் ஆறு கர்நாடக அமைச்சர்கள் வாங்கினார்கள், 2025-இல் தர்மஸ்தலா புதைகுழிப் புகார் விவகாரத்தில் 8,842 இணைப்புகளை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சூர்யாவின் தடையை ஹைகோர்ட் ரத்து செய்ததே என்கிறீர்களா? ரத்தாகும்வரை கிடைத்த அமைதி லாபம்தானே?

4. யார் யார் ஃபார்வர்ட் செய்தார்கள் என்று தெரியவில்லையா? ‘அசோக் குமார்’ மீது போடுங்கள். பெயர் தெரியாத பிரதிவாதிக்குக் கோர்ட்டில் வழங்கும் பெயர் அது. உங்கள் பவுடர் கோட்டிங் பிரிவில் நிஜமாகவே ஒரு அசோக் குமார் இருந்தால் அவருக்கும் தூக்கம் போகும், அது இலவசம்.

5. 2024 மார்ச்சில், ப்ளூம்பெர்க் செய்தி நிறுவன வழக்கில், விசாரணைக்கு முன்பே கட்டுரையைத் தடுப்பது அபூர்வமாகத்தான் நடக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இதை யாரிடமும் ஞாபகப்படுத்தாதீர்கள்.

6. கிரிமினல் புகாரும் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 356: அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறை. பழைய சட்டத்திலிருந்த இதே குற்றப் பிரிவு செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பையன் சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது. பொதுநன்மைக்காகச் சொன்னான் என்பதையும் அவன்தான் காட்டவேண்டும். நீங்கள் ஜெயிக்கக்கூட வேண்டாம், வாய்தா ஓடினால் போதும். பெங்களூரு பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2008-இல் வெளியிட்ட கட்டுரைக்கு ஹுப்பள்ளி கோர்ட் ஆறு மாதத் தண்டனை சொன்னது 2016-இல்.

7. கடைசியாக, பையனின் போட்டோவை கேட்டில் ஒட்டுங்கள்: “மேற்படி நபருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.” கீழே ஸ்கெட்ச் பேனாவால் ‘திருடன்’ என்று சேர்த்து, ஜாலஹள்ளி கிராஸ் வரை எல்லாப் பட்டறைகளுக்கும் அனுப்புங்கள். ஆம், அவதூறு என்று சட்டம் சொல்வது அச்சு அசலாக இதைத்தான். பயப்படாதீர்கள். பேச்சுரிமை அவனுக்கும் உண்டு, மானமும் உண்டு. ஆனால் அடுத்த பட்டறையிலும் அவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவ். அன்றைக்குக் கோர்ட் கிடையாது.