ஃபான்டன்ட் அக்கா

2020 ஊரடங்கு முடிந்ததும் பல வீடுகளில் புதிதாக வாங்கிய ஓவனுக்கு உறை தைத்துப் போட்டு, அதன்மேல் பழைய பேப்பரை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உறை போடாதவர் ஃபான்டன்ட் அக்கா. நங்கநல்லூரிலோ மடிப்பாக்கத்திலோ, அடுக்ககத்துக்கு ஒருவராவது இருப்பார். ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழை லேமினேட் செய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பார். முழங்கை வரை ஐசிங் சுகர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோன்.

"அக்கா, ஒரு கிலோ கேக். மேல ஜேசிபி நிக்கணும். டயர் தனித்தனியாத் தெரியணும். ஆனா பட்ஜெட் ஆயிரத்துக்குள்ளதான்."

"பண்ணிடலாம்மா."

இந்த "பண்ணிடலாம்மா"வில்தான் அக்காவின் தொழில் நடக்கிறது.

ஃபான்டன்ட் என்பது கேக்கைப் போர்த்தவும் மேலே உருவம் செய்யவும் பிசையும் சர்க்கரை மாவு. கடையில் விற்கும் ஃபான்டன்ட் பாக்கெட்டை அவர் கையில் எடுப்பார், பின்பக்கம் படிப்பார், அப்படியே வைத்துவிடுவார். "சர்க்கரையும் குளுக்கோஸும்தானே போட்டிருக்கான்? இதுக்கா இவ்ளோ விலை?" கோபத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டில் செய்ய இரண்டு வழிகள். சுலபமானது மார்ஷ்மெல்லோ வழி: ஒரு பங்கு மார்ஷ்மெல்லோவில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மைக்ரோவேவில் அரை அரை நிமிடமாக வைத்து உருக்கி, எடையில் இரண்டு பங்கு ஐசிங் சுகரைக் கொட்டிப் பிசைய வேண்டும். கையில் ஒட்டாமல் இருக்க வனஸ்பதி.

அக்காவும் அப்படித்தான் ஆரம்பித்தார். பிறகு மயிலாப்பூரிலிருந்து "முட்டை வாசனையே ஆகாது" என்று ஒரு மாமி ஆர்டர் கொடுத்தார். முட்டையில்லாத கேக் தயார், மார்ஷ்மெல்லோவும் உருகிவிட்டது. அப்போதுதான் உறையில் பச்சைப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு நிறம் தெரிந்தது. மார்ஷ்மெல்லோவை மெத்தென்று வைத்திருப்பது ஜெலட்டின். அது மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. மாமிக்கு அன்று வெறும் க்ரீம் ரோஜாதான் போனது. "இதுதான் இப்ப ட்ரெண்டு மாமி" என்ற விளக்கத்தோடு.

அன்றிலிருந்து இரண்டாவது வழிதான், அதுவும் ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி போட்டு. ஜெலட்டின் வெதுவெதுப்பிலேயே கரைந்துவிடும். கடற்பாசியைக் கொதிக்கவைத்தால்தான் கரையும், ஆறினால் உடனே உறையும். அதனால் குளுக்கோஸ், கிளிசரின், வனஸ்பதி எல்லாவற்றையும் சூட்டோடு கலந்து, ஒரு கிலோ சர்க்கரைப் பொடியில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து முடிக்க வேண்டும். பொடியும் வீட்டுத் தயாரிப்புதான்: சர்க்கரையோடு கொஞ்சம் சோளமாவு சேர்த்து மிக்ஸியில் ஓட்டி, இரண்டு முறை சலிப்பார். ரேஷனில் கிலோ 25 ரூபாய்க்கு வாங்கியதிலும் ஒருமுறை முயன்றார். பனிமனிதன் லேசாக வெயிலில் அலைந்தவன்போல வந்தான்.

பிசைவது வீட்டுக்காரர் வேலை. கல்யாணமான நாளாகச் சப்பாத்தி மாவைத் தொடாத மனிதர், இரவு பதினொரு மணிக்கு மஞ்சள் சர்க்கரை உருண்டையோடு மல்லுக்கட்டுவார். "வெடிப்பு விடுது பாருங்க, கையில வனஸ்பதி தடவிக்கோங்க" என்று அக்கா மேற்பார்வை பார்ப்பார்.

உண்மையான எதிரி சென்னைக் காற்று. சர்க்கரை ஈரத்தை இழுக்கும். ஐப்பசியில் ஃபான்டன்ட் வியர்த்து, பளபளத்து, மெதுவாகச் சரியும். ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் இன்னும் மோசம், மேலெல்லாம் நீர் கோத்துவிடும். விப்பிங் க்ரீமின் ஈரத்தில் ஃபான்டன்ட் கரையும் என்பதால் அடியில் சாக்லேட் கனாஷ் பூசுகிறார். வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில். ஆகவே ஆர்டர் உள்ள இரவுகளில் ஜேசிபி ஏசியில் தூங்கும். குடும்பம் ஹாலில் கொசுவத்தியோடு படுத்திருக்கும்.

கணக்கு நோட்டில் அக்கா கறார். சர்க்கரை, குளுக்கோஸ், அட்டைப்பெட்டி, அரை ஸ்பூன் ஜெல் கலர்கூட ஏறும். ஏசி ஓடிய கரண்ட் ஏறாது. வீட்டுக்காரரின் தோள்வலிக்குப் போட்ட ஸ்பிரே ஏறாது. டயருக்குப் பல்குச்சியால் கோடு கிழித்த மூன்று மணி நேரத்துக்கு அந்த நோட்டில் பத்தியே கிடையாது. கடைசி வரியில் லாபம் 310 ரூபாய் என்று வரும். அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

விழாவில் என்ன நடக்கும்? வந்தவர்கள் எல்லாரும் ஃபான்டன்ட்டை உரித்துத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு கேக்கை மட்டும் சாப்பிடுவார்கள். "ரொம்ப இனிப்பு." பிறந்தநாள் பையன் ஜேசிபியை வெட்ட விடமாட்டான். சிஎம்சி பவுடர் கலந்த உருவம் காய்ந்தால் கல்லாகிவிடும். எறும்பு கண்டுபிடிக்கும்வரை டிவி ஸ்டாண்டில் நிற்கும்.

மறுநாள் காலை அக்காவுக்கு ஃபோன். விழாவுக்கு வந்த ஒரு பெண்.

"அக்கா, அதே ஜேசிபிதான் எங்க பையனுக்கும் வேணும். ஆனா அவங்களுக்குக் குடுத்ததைவிட ஒரு நூறு கம்மியா…"

அக்கா நோட்டைத் திறந்தார். "பண்ணிடலாம்மா. வண்டி மஞ்சளாத்தான் இருக்கணுமா, வெள்ளையா இருந்தாப் பரவாயில்லையா?"