வெங்காயத் தோல் எந்தப் பையில்?

அன்புள்ள மாமாவுக்கு, சியோலிலிருந்து வணக்கம்.

"குப்பை கொட்டக் காசா? அதற்கும் கடையில் போய்ப் பை வாங்கணுமா?" என்று போனில் கேட்டுவிட்டு அத்தையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் லாரி எண்ணியே ரிட்டயர் ஆன சானிடரி இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வருவது நியாயம்தான். விவரமாக எழுதச் சொன்னீர்கள். உங்கள் மருமகன் எழுதுகிறார். இந்த ஊரில் அவர் குப்பையோடு படும் பாட்டைத் தன்மையில் எழுத அவருக்கே கூச்சமாக இருப்பதால், படர்க்கையிலேயே போகட்டும்.

1995 ஜனவரி 1 முதல் தென் கொரியா முழுவதற்கும் ஒரே ஏற்பாடு. அதுவரை வீட்டின் அளவையும் சொத்து வரியையும் பார்த்துக் குப்பைக் கட்டணம் வாங்கினார்கள். ஒரு கூடை கொட்டினாலும் ஒரு வண்டி கொட்டினாலும் தொகை ஒன்றுதான். பிறகு கட்டணத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நகராட்சி முத்திரை போட்ட பையில் போட்டால்தான் குப்பை வண்டி எடுக்கும். சியோலின் பெரும்பாலான வட்டங்களில் 20 லிட்டர் பை 490 வொன், நம் பணத்தில் சுமார் 30 ரூபாய். காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் என்று பிரித்துக் கொடுத்தால் காசு கிடையாது. சோம்பேறித்தனத்துக்குத்தான் விலை. 1994இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 1.3 கிலோவாக இருந்த குப்பை, அடுத்த சில ஆண்டுகளில் 1 கிலோவை ஒட்டி இறங்கியது.

சியோலில் 25 வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பை. வீடு மாறும்போது பழைய வட்டத்துப் பை மிஞ்சிவிட்டால், புதிய வட்டத்து அலுவலகத்துக்குப் போய் அதற்கென்று ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். காலிப் பைக்கும் குடிபெயர்வுச் சான்றிதழ்! பழைய சோபாவைத் தூக்கிப் போடவும் அளவுக்கேற்ற ஸ்டிக்கர் உண்டு. இதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது: சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி போட்டுக்கொண்டு வர இந்தக் குப்பைப் பையையே விற்கிறார்கள். வரும்போது கத்தரிக்காய், போகும்போது குப்பை.

சாப்பாட்டுக் குப்பைதான் பெரிய கதை. கொரியர்கள் உட்கார்ந்தால் தட்டு தட்டாகத் தொடுகறி வரும்; பெயர் பான்சான். சாறும் குழம்பும் இல்லாமல் சாப்பாடு இறங்காது. மிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மண்ணில் புதைத்தால் நாற்றம், ஊற்றெடுக்கும் கழிவுநீர். ஆகவே 2005இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்தார்கள். அதைப் பிழிந்த நீரைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 2013இல் அதுவும் நின்றது. அதே ஆண்டு எடைக்குக் காசு என்ற முறை பரவியது.

அடுக்குமாடி வாசலில் இரும்புப் பெட்டி மாதிரி ஓர் இயந்திரம் நிற்கும். அட்டையைக் காட்டினால் மூடி தானே திறக்கும். கொட்டினதும் எடையும் தொகையும் திரையில் வந்து நிற்கும். மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தோடு பில் வரும். கிலோவுக்கு நம் பணத்தில் பத்துப் பதினைந்து ரூபாய்க்குள்தான். அந்தக் காசுக்கு எவரும் பயந்துவிட மாட்டார். பின்னால் வாளியோடு நிற்கும் நான்காம் மாடிப் பாட்டி திரையை எட்டிப் பார்ப்பதற்குத்தான் பயம். விருந்துக்கு மறுநாள் மருமகன் இரவு 11 மணிக்குமேல்தான் கீழே இறங்குவார். மிஞ்சிய சாம்பாரை வடிகட்டி, சக்கையை மட்டும் கொண்டு போவார். தண்ணீரை எடை போட்டுக் காசு கொடுக்க அவர் என்ன ஜமீனா?

அங்கே சேர்வது பன்றித் தீவனமாகவும் கோழித் தீவனமாகவும் எருவாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. 1995இல் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மறுபயனுக்குப் போனது. இன்று 95 சதவீதத்துக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் தீவனமாகப் போவதால் ஒரு வில்லங்கம்: விலங்கு தின்னாதது எதுவும் உணவுக் கழிவு ஆகாது. வெங்காயத் தோல், பூண்டுத் தோல், முட்டை ஓடு, எலும்பு, சிப்பி ஓடு, டீத்தூள், மிளகாய்க் காம்பு, பழத்தின் பெரிய கொட்டை எல்லாம் காசு கொடுத்து வாங்கிய பைக்குள். உப்பு அதிகம் என்பதால் மிளகாய் விழுதுக்கும் சோயா விழுதுக்கும் அதே கதி. வாழைப்பழத் தோல் இயந்திரத்துக்குப் போகலாம், தேங்காய் ஓடு போகக் கூடாது. சின்ன வெங்காயம் உரிக்கும் தமிழ் வீட்டில் இது எவ்வளவு பெரிய விவகாரம் என்று அத்தையைக் கேளுங்கள். இட்டேவோனில் இந்தியக் கடைகள் உண்டு. முருங்கைக்காய் கிடைத்தால் அன்று திருவிழாதான். மென்று துப்பிய சக்கை எந்தப் பக்கம் என்பது மட்டும் நம்மவர்கள் வீடுகளில் இன்னும் நிலுவையில் உள்ள வழக்கு.

நவம்பர் கடைசியில் கிம்ச்சி போடும் காலம் வரும். ஊரே மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸ் வாங்கி உப்பு போட்டு ஊறவைக்கும். அப்போது நறுக்கித் தள்ளிய இலைகளுக்குச் சில வட்டங்கள் தனிச் சலுகை அறிவிக்கின்றன. குப்பைச் சட்டமே கிம்ச்சிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

தெருவில் குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள். வீட்டுக் குப்பையைக் காசில்லாமல் அதில் கொண்டுவந்து திணித்தார்கள் என்று, பை முறை வந்தபின் பெருமளவு குறைத்துவிட்டார்கள். காபி குடித்தவர் காலிக் குவளையை ஏந்திக்கொண்டு நடக்கிறார், நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். 2018 முதல் அந்தக் குவளையோடு நகரப் பேருந்தில் ஏறவும் முடியாது. பேருந்து நிறுத்தத்துச் சுவர் விளிம்புகளில் வரிசையாக நிற்கும் குவளைகள் யாருடையவை என்று கேட்டால் எவரும் வாய் திறப்பதில்லை.

பெரும்பாலான வளாகங்களில் வாரம் ஒரு நாள் பிரித்துக் கொடுக்கும் நாள். அன்று கணவன்மார் ஊர்வலம். நிறமற்ற பெட் பாட்டிலைக் கழுவி, ஒட்டியிருக்கும் லேபிளை உரித்து, நசுக்கி, மூடி போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். அடுக்குமாடிகளில் 2020 டிசம்பர் முதல் இது கட்டாயம். லோட்டே சில்சங் கம்பெனி அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே லேபிளே இல்லாத தண்ணீர் பாட்டிலை விற்க ஆரம்பித்தது. உரிக்கிற வேலை மிச்சம். உரித்துப் போட ஒன்றுமே இல்லை. மருமகனுக்கு இந்த நகரத்தில் பிடித்த யோசனை இதுதான். ஆயிரம் பேரைக் கூட்டிவைத்து ஒழுங்காக உரிக்கச் சொல்லிக் கொடுப்பதைவிட, ஒட்டாமல் விடுவது சுலபம்.

அந்தச் சுலபத்தைத்தான் மற்ற விஷயங்களில் காணோம். முன்பெல்லாம் கருப்பு விழுது போட்ட நூடுல்ஸை நிஜக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வாசலில் வைத்தால், கடைப் பையன் திரும்ப வந்து எடுத்துப் போவான், நம் மெஸ்காரர் கேரியரை வாங்கிப் போவதுபோல. இன்று எல்லாம் பிளாஸ்டிக் டப்பா. இரவு தூங்கப் போகுமுன் ஆர்டர் செய்த மீன், விடியுமுன் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பொதியோடு வாசலில் காத்திருக்கும். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுக் கழிவை வாங்குவதை நிறுத்தியது. அந்த ஏப்ரலில் சியோல் வட்டாரத்தில் பல நிறுவனங்கள் பிளாஸ்டிக் பைகளையும் தெர்மகோலையும் எடுக்க மறுத்தன. இவ்வளவு அழகாகப் பிரித்துக் கழுவியது வளாக வாசலில் மலையாய்க் குவிந்தது. சாப்பாட்டை எடை போட்டு வென்ற ஊர், டப்பாவை எடை போட இன்னும் இயந்திரம் வைக்கவில்லை.

மலை என்றதும் நாஞ்சிதோ ஞாபகம் வருகிறது. உங்களுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய இடம். ஹான் ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தீவில் 1978 முதல் 1993 வரை ஒன்பது கோடி டன்னுக்கு மேல் கொட்டி, தொண்ணூறு மீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி அதன்மேல் மண் மூடிப் பூங்கா ஆக்கினார்கள். உள்ளே ஊறும் வாயுவைக் குழாயில் எடுத்துச் சூடேற்றப் பயன்படுத்துகிறார்கள். அக்டோபரில் ஆளுயரப் புல் பூத்திருக்கும். காதலர்கள் குப்பைமேட்டில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதே பக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 டன் எரிக்கும் புதிய உலை கட்டப்போவதாக 2022இல் நகராட்சி அறிவித்தபோது, மாபோ வட்டத்து மக்கள் கொடி பிடித்துவிட்டார்கள். ஏற்கெனவே மலையையும் ஓர் உலையையும் சுமந்தவர்கள். வழக்குப் போட்டு, 2025 ஜனவரியில் தீர்ப்பும் வாங்கினார்கள். கோபம் நியாயமானதே, குப்பை மட்டும் தினமும் வருகிறது.

அத்தையிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பார்சலில் அப்பளமும் வத்தலும் அனுப்பும்போது, அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்ட வேண்டாம். டேப்பை முழுதாக உரித்தால்தான் இங்கே அட்டை, அட்டையோடு சேரும். சணல் கயிறு போதும். ஊறுகாய் ஜாடியைத் தெர்மகோலுக்குப் பதில் உங்கள் பழைய வேட்டியில் சுற்றச் சொல்லுங்கள். மருமகனுக்கு இங்கே வேட்டி கிடைப்பதும் கஷ்டம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்