தோத்தவன் கை ஜாய்ஸ்டிக்

டிவி கேமில் ரிப்பேர் ஆவது எப்போதுமே தோற்றவன் கையில் இருக்கும் ஜாய்ஸ்டிக்தான். ஜெயித்தவன் கையில் இருந்தது பழுது என்று எங்கள் ஓட்டப்பிடாரத்தில் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

பரணில் கிடந்த பழைய பெட்டியைக் கோடை லீவுக்கு வந்த அக்கா மகனுக்காக இறக்கினேன். ஆசையாக வந்து உட்கார்ந்தது அவன் அப்பா. அத்தானுக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு வேலை. பூர்வீகம் பாஞ்சாலங்குறிச்சி. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கில் இரண்டும் வரும்.

பெட்டி அசல் சரக்கு இல்லை. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமுக்கு நகல், அந்த நகலுக்கும் நகல். கேசட்டின் மேல் பல லட்சம் விளையாட்டு என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் மரியோ, கான்ட்ரா, டாங்கி என்று கொஞ்சம் பேர்தான் வேஷம் மாற்றி மாற்றி வருவார்கள்.

முதல் நாள் சாயங்காலமே அத்தான் ஆரம்பித்துவிட்டார். “மாப்ள, அமுக்க அமுக்க குண்டு போகமாட்டேங்கு. சீனாச் சாமான்லா? லைட்டரை இறக்கி எங்க தொழிலக் கெடுத்தான். இப்ப இதுலயும் வந்துட்டான்.” இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்யக்கூடாது என்று 2023இல் மத்திய அரசு உத்தரவு போட்டபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர் அவர். ஜாய்ஸ்டிக்குக்கும் அப்படி ஓர் உத்தரவு வரும்வரை காத்திருக்க முடியாதே, திருப்புளியை எடுத்தேன்.

உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. சின்ன போர்டு, அதன் நடுவில் தாரை உருக்கி விட்டதுபோல ஒரு கறுப்புப் பொட்டு. சிப் அதற்குள்தான் இருக்கிறது. பெட்டியிலிருந்து வருவது ஐந்து ஒயர். இரண்டு கரண்டுக்கு. மூன்றாவது, ‘இந்த நிமிஷம் எந்தெந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறது, குறித்துக்கொள்’ என்று சொல்ல. நாலாவது, குறித்ததை ‘ஒவ்வொன்றாகச் சொல்லு’ என்று தட்டிக் கேட்க. ஐந்தாவதில் பதில் போகும். எட்டுப் பட்டனுக்கும் வரிசையாக இந்த விசாரணை செகண்டுக்கு ஐம்பது அறுபது தடவை நடக்கிறது. தாலுகா ஆபீஸில் காத்திருந்து பழகியவர்களுக்கு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆகவே, எட்டுப் பட்டனும் ஒரேயடியாகச் செத்தால் சந்தேகம் ஒயர் மேல். அதுவும் ஜாய்ஸ்டிக்குக்குள் நுழையும் கழுத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும், வெளியே ரப்பர் உறை பார்க்க முழுசாக இருக்கும். ஒரு பட்டன் மட்டும் மக்கர் பண்ணினால் ஒயரை விட்டுவிட்டு ரப்பரைப் பார்க்க வேண்டும். பட்டனுக்குக் கீழே வெள்ளை ரப்பர் குமிழ், அதன் அடியில் வட்டமாக ஒரு கரிப்பூச்சு. அமுக்கும்போது கரி போர்டில் பட்டு, பிரிந்திருக்கும் இரண்டு கோடுகளைச் சேர்த்துவைக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

அத்தானுடைய குண்டுப் பட்டனின் குமிழைத் தூக்கிப் பார்த்தேன். கரிசல் புழுதி அப்பிய பாகு. வாசனையே சொல்லிவிட்டது, கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டமாயிற்றே, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்குமா? சீனாக்காரன் குற்றமற்றவன் என்று அத்தானிடம் பாகைக் காட்டினேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தான்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும். அழுத்தித் தேய்த்தால் கரியும் சேர்ந்து போய்விடும். அத்தான் தன் தொழில் அறிவைக் கொண்டுவந்தார். “தீப்பெட்டி ஓரத்துல ரெண்டு இழுப்பு இழுங்க மாப்ள, பளிச்சுன்னு ஆயிரும்.” தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். பளிச்சென்றுதான் ஆகும், கரியே இருக்காது. அப்படிக் கரி போன குமிழுக்கு சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவது பழைய வைத்தியம். டிவி ரிமோட்டுக்கும் அதே மருந்துதான்.

மறுநாள் அடுத்த புகார். “எனக்குக் குடுத்ததுல ஸ்டார்ட் பட்டனே இல்ல. புடுங்கி வச்சிருக்கீக.” யாரும் பிடுங்கவில்லை. அசல் ஃபேமிகாமின் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கிலேயே ஸ்டார்ட், செலக்ட் இரண்டும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு மைக் வைத்திருந்தார்கள். நகல் எடுத்தவர்கள் மைக்கை விட்டுவிட்டு இல்லாத பட்டனை மட்டும் சரியாக நகல் எடுத்திருக்கிறார்கள். மைக் இல்லாமலே அத்தான் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பது வேறு.

வாத்துச் சுடும் துப்பாக்கி பற்றியும் ஒரு மனு வந்தது. கூடத்து எல்.இ.டி. டிவியில் எத்தனை சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. அந்தத் துப்பாக்கி குண்டு விடாது, வெளிச்சத்தைப் பார்க்கும். சுட்டதும் திரை ஒரு கணம் கறுத்து வாத்து இருந்த இடம் மட்டும் வெளுக்கும். அது கண்ணில் பட்டால் வாத்து காலி. டியூப் டிவி உடனே காட்டிவிடும், புது டிவிகள் யோசித்துக் காட்டும். அம்மா அடுப்படியில் வைத்திருந்த 14 இன்ச் இலவச கலர் டிவிக்கு, 2006இல் தொடங்கிய திட்டத்தில் வந்தது அது, ஒயரை மாற்றினேன். வாத்துகள் விழுந்தன.

கடைசியில் வந்ததுதான் பெரிய வழக்கு. நாம்கோ கம்பெனி 1985இல் விட்ட டாங்கி விளையாட்டு. செங்கல் கட்டின கோட்டைக்குள் ஒரு கழுகு. அப்பாவும் மகனும் ஒரே கட்சியாக நின்று அதைக் காப்பாற்ற வேண்டும். மகன் ஏதோ யோசனை சொல்ல, “பாஞ்சாலங்குறிச்சிக்காரனுக்கே கோட்டையக் காக்கச் சொல்லித் தாரியால?” என்றார் அத்தான். “அதத்தான் 1801ல இடிச்சுட்டாங்களேப்பா” என்றான் ஆறாம் வகுப்பு. அந்த நேரம் பார்த்து அத்தானின் டாங்கி நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து ஓடும், மறுபடி நிற்கும். பிரித்துப் பார்த்தேன், ரப்பர், ஒயர், கரி எல்லாம் சுத்தம்.

பஜாரில் அந்தக் காலத்தில் டிவி ரிப்பேர் பார்த்து, இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும் அண்ணாச்சியை அழைத்து வந்தேன். அவர் எதையும் பிரிக்கவில்லை.

“ஜாய்ஸ்டிக்க மாத்திக்கோங்க. கோளாறு ஜாய்ஸ்டிக்கோட போச்சுன்னா ஜாய்ஸ்டிக். அங்கயே நின்னா பொட்டி. ஆளோட போச்சுன்னா ஆளு.”

மாற்றினார்கள். கோளாறு அத்தானோடு போனது.

அண்ணாச்சி டீயைக் குடித்தபடி பையனின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏல, நீதான் உங்கப்பாவச் சுடுத.” அந்த விளையாட்டில் கூட்டாளி குண்டு பட்டால் சாவு கிடையாது, ஆனால் டாங்கி மினுங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நகராமல் நிற்கும்.

“பின்ன என்ன செய்ய, தாத்தா? அப்பா எதிரிய விட்டுட்டு நம்ம கோட்டைச் சுவரையே சுடுதாக. நிறுத்தலேன்னா கழுகு போயிரும்.”

அதுவும் உண்மை. நம் குண்டு பட்டாலும் அந்தக் கழுகு போய்விடும். அத்தான் எதுவும் பேசாமல் ஜாய்ஸ்டிக்கின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

கூலி ஐம்பது ரூபாய் என்றார் அண்ணாச்சி. “பிரிக்கவே இல்லையே, எதுக்கு ஐம்பது?” என்று அத்தான் எகிறினார்.

“வந்து போனதுக்கு இருபது. பஞ்சாயத்துக்கு முப்பது.”

அத்தான் இருபதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.